மேசைக்குக் கீழே ஒரு பீக்கர் நல்ல தண்ணி

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். ஐந்து பேரையும் குறையில்லாமல் ஆளாக்கினேன் என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். லாப் கதை தொடங்கினால் பிறகு இதற்கு இடம் கிடைக்காது.

நான் வேலணைத் தீவு. படித்தது மூன்றாம் வகுப்பு. பட்டினத்தில் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்து இரசாயன லாப்பில் பதினெட்டு வருடம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். பிளாஸ்க், பீக்கர், பிப்பெற், பியூரெற் எல்லாம் என் கையால் போய் என் கைக்கு வந்தவை. என் கையால் உடைந்தவை பதினெட்டு வருடத்தில் ஏழு. அந்த ஏழில் இரண்டு பூனை செய்த வேலை.

தீவுப் பகுதியிலிருந்து சயன்ஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கப் போகிறார்களாம். படித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னையும் எழுதச் சொல்லி ஜெனிற்றா போன் எடுத்தாள். அவள் யார் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

"எனக்கு எழுத்துக் கூட்டத்தானே பிள்ளை தெரியும்" என்றேன்.

"அப்ப கூட்டுங்கோ அக்கா. ஆறுதலாக் கூட்டுங்கோ."

மூன்று கிழமையாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். கொம்பும் சுழியும் பிசகினால் பேத்தி மதுரா திருத்துவாள். அவள் ஒன்பதாம் வகுப்பு. பேச்சில் வருவதை எழுத்தில் வராமல் பார்ப்பதும் அவள் பொறுப்பு.

1. முதல் நாளும் நாற்பது பிளாஸ்க்கும்

வீட்டுக்காரருக்கு நெஞ்சு வருத்தம் வந்து தோட்டம் செய்ய ஏலாமல் போனபோது நான் வேலைக்குப் போனேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. லாப்பில் செல்லையா அண்ணை என்று ஒருவர் பழைய ஆள். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சிரிப்பு வந்தாலும் அதையேதான் செய்வார். எது வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதல் நாள் காலை நாற்பது பிளாஸ்க்கை என் முன்னால் வைத்தார்.

"குழாய்த் தண்ணியிலை மூண்டு தரம் கழுவு. பிறகு உந்த டிஸ்ரில்ட் வோட்டராலை ஒவ்வொண்டையும் ஒருக்கா அலசு. பின்னேரம் பிள்ளையளுக்குப் பிறக்ரிக்கல் இருக்கு."

டிஸ்ரில்ட் வோட்டர் என்றால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரப் பண்ணி, சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிற தண்ணீர். அதில் உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கருவி சொட்டுவதை நின்று பார்த்தேன். ஒரு சாடி நிறைய ஒரு காலைப்பொழுது வேண்டும் போல இருந்தது.

எங்கள் ஊரில் உவர்த் தண்ணிக்குக் குறைவில்லை. நல்ல தண்ணி வேறு. குடிக்கிற நல்ல தண்ணிக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு, முகம் கழுவின தண்ணி வாழைக்கு. நல்ல தண்ணியைச் சும்மா நிலத்தில் ஊற்றுகிற பெண்ணை எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கமாட்டார்கள். அப்படி வளர்ந்தவளிடம், உலகத்திலேயே நல்ல தண்ணியைக் கொடுத்து, அலசி ஊற்று என்றால் கை வருமா?

ஒரு சட்டியில் அரைவாசிக்கு அந்தத் தண்ணியை எடுத்தேன். நாற்பது பிளாஸ்க்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே சட்டிக்குள் அமிழ்த்தி எடுத்தேன். முடித்துவிட்டுச் செல்லையா அண்ணையிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

"அண்ணை, ஒரு துளி வீணாக்கேல்லை. நாப்பதையும் அரைச் சட்டியிலை முடிச்சுப்போட்டன்."

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தலையாட்டினார்.

பின்னேரம் லாப்பில் கலவரம். நாற்பது பிள்ளைகளுக்கும் விடை பிழை. மருந்தில் பிழையா, பியூரெற்றில் பிழையா என்று பெரியவர்கள் ஓடித் திரிந்தார்கள். கடைசியில் செல்லையா அண்ணை நான் பத்திரமாக மூடி வைத்திருந்த சட்டியைக் கண்டார்.

"இதென்ன?"

"அது நல்ல தண்ணி அண்ணை. எடுக்காதேங்கோ. நாளைக்கும் பாவிக்கலாம்."

அவர் சட்டியில் கொஞ்சம் ஒரு பரிசோதனைக் குழாயில் எடுத்து, சில்வர் நைற்றேற் ஒரு துளி விட்டார். தண்ணி பால் போல வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரசு, நீ கழுவேல்லை. குழாய்த் தண்ணி உப்பை நாப்பது பிளாஸ்க்குக்கும் சமனாப் பங்கு போட்டிருக்கிறாய்."

நான் அழ ஆயத்தமாகிவிட்டேன். பிறகுதான் அவர் தோள் குலுங்குவதைக் கண்டேன்.

2. காலைத் துளி

அடுத்த நாளிலிருந்து ஒரு வேலை என் தலையில் விழுந்தது. காலையில் டிஸ்ரில்ட் வோட்டரில் கொஞ்சம் குழாயில் எடுத்து, சில்வர் நைற்றேற் ஒரு துளி விட்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. வெளுத்தால் உப்பு இருக்கிறது, கருவியைத் துப்புரவாக்க வேண்டும். பதினெட்டு வருடம் தினமும் செய்தேன். அந்த மருந்து விரலில் பட்டால் கறுப்பாகிவிடும். பஸ்ஸில் சனம் என் விரலைப் பார்த்து, "சீலைக்குச் சாயம் போடுறனியளோ?" என்று கேட்கும். "ஓம், கம்பஸுக்குச் சாயம் போடுறனான்" என்பேன்.

இன்னொரு விஷயமும் கண்டேன். அந்தக் கருவியைக் குளிர வைக்கக் குழாய்த் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சாடி நல்ல தண்ணி சொட்டுவதற்குள் வாளி வாளியாகத் தண்ணி வடிகாலுக்குள் போகும். அதைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாளியை வைத்துப் பிடித்தேன். லாப்புக்குப் பின்னால் ஒரு தேசிக்கன்று, அதாவது எலுமிச்சை, நட்டு அதற்கு ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் உள்ளே பிளாஸ்க் அலசின தண்ணியை வடிகாலில் ஊற்ற என் கை விட்டது. பின்னுக்கு ஒரு வாளி தேசிக்குப் போகிறதே என்று ஒரு ஆறுதல்.

3. நெடுந்தீவுப் பிள்ளை

செல்லையா அண்ணை ஓய்வு பெற்றுப் போய், லாப்பில் நான் பழைய ஆளாகிவிட்ட காலத்தில் ஜெனிற்றா வந்தாள். நெடுந்தீவு. தகப்பன் கடல், தாய் மாடு. நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு சயன்ஸ் படிப்பிக்க வருகிற ஆட்கள் காற்று மாறும்போது இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார்களாம். ஆகவே அவள் வேலணையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நின்று ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சை எடுத்தவள். அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் கம்பஸ் சயன்ஸுக்கு வந்த முதல் பிள்ளை.

எங்கள் லாப்பில் வேலை செய்பவர்களை வயது பார்க்காமல் எல்லோரும் அக்கா என்பார்கள். முதல் நாளே வந்து என் கறுத்த விரலைப் பார்த்தாள்.

"அக்கா நீங்கள் தீவோ?"

"விரலிலை தெரியுதோ?"

"இல்லை, நீங்கள் குழாயைப் பூட்டின விதத்திலை தெரியுது. இரண்டு தரம் இறுக்கிப் பாத்தனியள்."

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

மெல்லிய பிள்ளை, ஆனால் வாய் மெல்லியதல்ல. பட்டினத்துப் பிள்ளைகள் "நெடுந்தீவிலை கரண்ட் இருக்கோ?" என்று கேட்டால், "இல்லை, நாங்கள் ஊர்க் காட்டுக்குதிரையிலை வயர் சுத்தி எடுக்கிறனாங்கள்" என்பாள். அப்படிச் சிரித்துத் திரிந்த பிள்ளை இரண்டாம் மாதம் சிரிப்பதை நிறுத்திவிட்டது.

காரணம் பிறக்ரிக்கல், அதுதான் செய்முறை வகுப்பு. உப்புக் கரைசல் கொடுப்பார்கள். அதில் எவ்வளவு உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். பிப்பெற்றால் அளந்து பிளாஸ்க்கில் விட்டு, மஞ்சள் மருந்து இரண்டு துளி சேர்த்து, மேலே பியூரெற்றிலிருந்து சில்வர் நைற்றேற்றைத் துளி துளியாக விட வேண்டும். செங்கல் நிறம் வந்தவுடன் நிறுத்தி வாசிப்பை எழுத வேண்டும். இப்படி நாலு தரம். நாலு வாசிப்பும் ஒத்து வர வேண்டும். ஜெனிற்றாவுக்கு ஒத்து வராது. முதலாவதை விட இரண்டாவது கூட, இரண்டாவதை விட மூன்றாவது கூட, நாலாவது இன்னும் கூட. ஒவ்வொரு கிழமையும் படி ஏறுவது போல ஏறும்.

தவணை முடிவில் செய்முறைப் பரீட்சை. அதில் தவறினால் இரசாயனத்தை விட வேண்டி வரும் என்று வத்சலா மிஸ் சொல்லிவிட்டார். மிஸ்தான் முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. நல்ல மனிசி, ஆனால் பிழையைக் கண்டால் சிவப்புப் பேனையை மூட மாட்டார்.

ஒரு நாள் ஜெனிற்றா கை கழுவும் இடத்தில் நின்று மெல்லச் சொன்னாள்.

"அக்கா, இது எனக்குச் சரிவராது. சோதினையிலை தவறினால் நான் ஊருக்குப் போட் ஏறுவன். திரும்பி வரமாட்டன்."

"விசர்க் கதை கதையாதை."

"எனக்காகச் சொல்லேல்லை. ஊரிலை இரண்டு பெட்டையள் ஓ.எல் எழுதிப்போட்டு நிக்கினம். ஜெனிற்றா அக்கா சயன்ஸ் பாஸ் பண்ணினால் நாங்களும் சயன்ஸ் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கினம். நான் நாலு வருசம் அரைகுறையாப் படிச்சுத் தவறினால் அவையின்ரை வாழ்க்கையும் பழுதாப்போகும். இப்பவே போனால் அவை ஆர்ட்ஸ் படிச்சு ஒழுங்காய் வருவினம்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை மூன்று பேருடைய வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சூட்கேஸ் அடுக்கியாயிற்று என்றும் சொன்னாள்.

4. எல்லோரும் உதவி செய்தோம்

பிள்ளைக்கு உதவ வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் இறங்கினோம். அதைத்தான் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வத்சலா மிஸ், பிள்ளைக்கு இங்கிலிஷ் விளங்கவில்லை என்று நினைத்தார். கம்பஸில் பாடம் எல்லாம் இங்கிலிஷில். ஆகவே அவளைப் பின்னேர இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்பினார். ஜெனிற்றா போனாள். நன்றாகவும் பேசப் பழகினாள். வாசிப்பு ஏறியபடியே இருந்தது.

பட்டினத்துச் சிநேகிதிகள் பயத்தில் கை நடுங்குகிறது என்று முடிவு செய்தார்கள். நோட்ஸ் எழுதிக் கொடுத்தார்கள், கூடப் படித்தார்கள், கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஜெனிற்றா வேதக்கார, கிறிஸ்தவப் பிள்ளை. அதைப் பாராமல் போய், பொங்கல் சாப்பிட்டு வந்தாள். வாசிப்பு ஏறியது.

நான் நினைத்தது இன்னொன்று. பிள்ளைக்குப் பசி. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்கேலாது. ஆகவே வேலணையிலிருந்து தினமும் புட்டும் மீன் குழம்பும் பொட்டலமாகச் சரை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முரல் மீன் கிடைத்தால் பொரித்தும் கொண்டு போனேன். சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்து பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பிள்ளை கன்னம் வைத்துவிட்டது. வாசிப்பும் கன்னம் வைத்தது.

"அக்கா, உங்கடை சாப்பாட்டாலை எனக்கு ஒரு வாசிப்புத்தான் கூடியிருக்கு. தராசிலை" என்றாள். அதுதான் அந்த மாதம் அவள் சொன்ன ஒரே பகிடி.

5. அந்தப் பீக்கர்

பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. பழக விரும்புகிற பிள்ளைகளுக்கு லாப்பைத் திறந்து விட்டிருந்தார்கள். மற்றவர்கள் முடித்துப் போய்விட்டார்கள். ஜெனிற்றா மட்டும் தன் மேசையில் நின்றாள். நான் மேசைகளுக்குக் கீழே தும்புக்கட்டையால் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவளுடைய மேசைக் காலுக்குப் பின்னால் ஒரு பீக்கர். மேலே கண்ணாடித் தட்டால் மூடி இருந்தது. கழுவாமல் விட்டது என்று நினைத்துக் கையில் எடுத்தேன்.

"அக்கா! அதை எடுக்காதேங்கோ! அது நல்ல தண்ணி!"

பீக்கர் கைக்குள்ளே இருக்க நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை அந்த லாப்பில் இதற்கு முன் ஒரே ஒருத்திதான் சொன்னவள்.

"எங்கையிருந்து வந்த நல்ல தண்ணி?"

"டிஸ்ரில்ட் வோட்டர்தான். பிப்பெற்றும் பிளாஸ்க்கும் அலசினது."

"அலசினால் ஊத்துறேல்லையோ?"

"என்ன அக்கா நீங்களும் உப்பிடிக் கேக்கிறியள்? சொட்டுச் சொட்டாப் பிடிக்கிற தண்ணியை வடிகாலுக்கை ஊத்துறதோ? பார்க்கக் கண்ணாடி மாதிரித்தானே இருக்கு? பிப்பெற்றை அலசிப் பிடிச்சு வைப்பன். அடுத்த பிளாஸ்க்கை அதாலை அலசுவன். திரும்பவும் பிடிப்பன். பட்டினத்துப் பெட்டையள் கண்டால் பகிடி பண்ணுவினம் எண்டு கீழை வைச்சனான்."

நான் கழுவுகிறவள். இரசாயனம் சொல்லிக் கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை, அறிவும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு துளி தெரியும். கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"முதலிலை சாடித் தண்ணி கொஞ்சம் குழாயிலை எடு. உன்ரை பியூரெற்றாலை ஒரு துளி விடு."

விட்டாள். தண்ணி தெளிவாக நின்றது.

"இப்ப உன்ரை நல்ல தண்ணியிலை விடு."

விட்டாள். பால்.

ஜெனிற்றா குழாயைத் துணிக்கு முன்னால் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள். அழப் போகிறாள் என்று நான் சேலைத் தலைப்பைத் தேடினேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால் தண்ணி வரச் சிரித்தாள்.

"பிப்பெற்றிலை ஒட்டின உப்பையெல்லாம் சேத்துச் சேத்துப் பிளாஸ்க்குக்கை விட்டிருக்கிறன். அதுதான் ஒவ்வொண்டும் கூடிக்கூடி வந்தது. அக்கா, மூண்டு மாசமா நான் உப்பை அளக்கேல்லை. என்ரை கஞ்சத்தனத்தை அளந்திருக்கிறன்!"

"என்னை விட நீ பரவாயில்லை. நான் நாப்பது பேரை ஒரே நாளிலை பெயிலாக்கினனான்" என்று என் முதல் நாளைச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சத்தத்துக்கு காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பிழை தெரிந்தால் எல்லாம் சரி என்று நினைத்தோம். அப்படி இல்லை. அலசின தண்ணியை வடிகாலில் ஊற்றப் பீக்கரைச் சரித்தாள். கை பாதியில் நின்றது.

"ஏலாது அக்கா. அம்மா பின்னுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு அது விளங்கியது. நீ ஊற்றத்தான் வேண்டும் என்று நூறு தரம் சொன்னாலும் கை கேட்காது. வாளியை எடுத்துக்கொண்டு அவளைப் பின்னுக்குக் கூட்டிப் போனேன். கருவியைக் குளிர வைத்த தண்ணி அதில் நிரம்பியிருந்தது. என் தேசி அப்போது ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது.

"தேசிக்கு ஊத்து."

ஊற்றினாள். மண் குடித்த சத்தம் கேட்டது.

"எவ்வளவு ஊத்தினனி?"

"ஒரு வாளி."

"இது வடிகாலுக்குப் போக இருந்த தண்ணி. நீ மிச்சம் பிடிச்சுப்போட்டாய். இப்ப உள்ளை போய் ஒரு கோப்பைத் தண்ணியை ஊத்தினால் உன்ரை கொம்மா என்ன சொல்லுவா?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்டும் சொல்லமாட்டா. மாட்டுக்கு ஏன் வைக்கேல்லை எண்டுதான் கேப்பா."

உள்ளே போய் ஊற்றினாள். முகத்தைக் கொஞ்சம் சுழித்தாள், ஆனால் ஊற்றினாள். நாலு நாளும் காலையில் வந்து முதலில் தேசிக்கு ஒரு வாளி. பிறகுதான் மேசை.

6. ஒத்து வந்த நாலு

பரீட்சை நாள் நான் லாப்புக்குள் நிற்கக் கூடாது. வெளியே யன்னலுக்கு நேரே நின்று, துடைத்த யன்னற் கதவையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஜெனிற்றா முடித்துத் தாளைக் கொடுத்தாள். வத்சலா மிஸ் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். நாலு வாசிப்பும் ஒன்று போல. மூன்று மாதம் படி ஏறின பிள்ளைக்கு இன்றைக்கு நாலும் ஒத்து வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"ஜெனிற்றா, இதை நீர் பக்கத்து மேசையைப் பாக்காமல்தானே செய்தனீர்?"

"ஓம் மிஸ்."

"அப்ப எனக்கு முன்னாலை இன்னொருக்காச் செய்து காட்டும்."

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஜெனிற்றா மேசைக்குத் திரும்பினாள். பிப்பெற்றை அலசினாள், ஊற்றினாள். பிளாஸ்க்கை அலசினாள், ஊற்றினாள். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. துளி துளியாக விட்டு, செங்கல் நிறம் வந்ததும் பூட்டினாள். குனிந்து வாசித்தாள்.

ஐந்தாவது வாசிப்பும் அதே.

மிஸ் சிவப்புப் பேனையை மூடினார். நான் அவரோடு வேலை செய்த காலத்தில் அதை அன்றுதான் கண்டேன்.

"இவ்வளவு நாளும் என்ன நடந்தது?"

ஜெனிற்றா எல்லாவற்றையும் சொன்னாள். பீக்கர், நல்ல தண்ணி, தேசி மரம் வரைக்கும். மிஸ் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"சரஸ்வதி அக்கா, நான் இந்தப் பிள்ளையை இரண்டு மாசம் இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்பினனான்."

"நான் இரண்டு மாசம் மீன் குழம்பு குடுத்தனான் மிஸ்."

"ஒருத்தரும் அவவின்ரை கையைப் பாக்கேல்லை."

"பாக்கேல்லை மிஸ். எனக்கு அந்தக் கை முன்னமே தெரிஞ்சிருக்க வேணும்."

அடுத்த கிழமை பிறக்ரிக்கல் தாளில் ஒரு புது வரி வந்தது. அலசிய நீரைச் சேமிக்க வேண்டாம், கட்டாயம் வெளியே ஊற்றவும். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஏன் என்பதற்கான காரணம். மிஸ் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். என் பெயர் அதில் இல்லை. ஆனால் அது யாருடைய வரி என்று எனக்குத் தெரியும்.

7. கிணற்றடி

நான் ஓய்வு பெறுகிற வருடம் ஜெனிற்றா கடைசி வருடம். ஆராய்ச்சிக்கு எடுத்தது நெடுந்தீவுக் கிணறுகள். எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்று அளப்பது. போத்தல் கழுவவும் காவவும் ஆள் வேண்டும் என்று மிஸ் என்னையும் சேர்த்துக்கொண்டார். வேலணைக்காரி நான் அதுவரை நெடுந்தீவுக்குப் போனதில்லை. குறிகட்டுவான் துறையில் போட் ஏறியதிலிருந்து போத்தல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். மிஸ் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தார். ஜெனிற்றா மட்டும் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் கிணறு கல் வேலிக்குப் பக்கத்தில். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ஜெனிற்றாவின் தாயும் மாட்டோடு வந்து நின்றார். மாதிரி எடுக்கும்போது போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணியாலேயே மூன்று தரம் அலசி ஊற்ற வேண்டும். ஜெனிற்றா அள்ளினாள், குலுக்கினாள், நிலத்தில் ஊற்றினாள்.

"ஏய்! பிள்ளை!" தாய் போட்ட சத்தத்தில் மாடே திரும்பிப் பார்த்தது. "நல்ல தண்ணிக் கிணத்துத் தண்ணியை மண்ணிலை ஊத்துறியோ? நாலு வருசம் கம்பஸிலை இதையோ படிப்பிச்சவை?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மிஸ் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். பக்கத்தில் கல் தொட்டி ஒன்று இருந்தது. மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி.

"பிள்ளை, தொட்டிக்கை ஊத்து" என்றேன்.

இரண்டாம் அலசலும் மூன்றாம் அலசலும் தொட்டிக்குள் போயின. மாடு வந்து குடித்தது. தாய் சமாதானமானார்.

"இப்ப சரி. கம்பஸிலையும் புத்தியுள்ள ஆக்கள் இருக்கினம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மிஸ் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஒன்பது கிணறு. போத்தலில் பெயர் ஒட்டும்போது தாய் கேட்டார், "எது நல்லது எது உவர் எண்டு பாக்கத்தானே இவ்வளவு பாடு? நான் சொல்லுறன்" என்று. நாக்கால் பழகின ஒன்பது கிணற்றையும் நல்லதிலிருந்து உவர் வரை வரிசையாகச் சொன்னார். ஜெனிற்றா எழுதி வைத்தாள். லாப்புக்கு வந்து அளந்தோம். வரிசை அச்சொட்டாக அதே.

போனில் தாய்க்குச் சொன்னாள். "இதைச் சொல்லவோ நாலு வருசம் படிச்சனி?" என்று தாய் சிரித்தது எனக்கும் கேட்டது.

"அம்மா, எது உவர் எண்டு உங்கடை நாக்குச் சொல்லும். எவ்வளவு உவர் எண்டும், வருசா வருசம் எவ்வளவு கூடுது எண்டும் சொல்லாது. இனி அதை நான் சொல்லுவன்."

அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள். தண்ணி பரிசோதிக்கிற இடத்தில் வேலை. கோடை முடிய ஒவ்வொரு வருடமும் அந்த ஒன்பது கிணற்றுக்கும் போகிறாள். ஊரில் காத்து நின்ற இரண்டு பெட்டைகளும் பட்டினத்தில் நின்று சயன்ஸில் ஏ.எல் எடுத்துக் கம்பஸுக்கு வந்தார்கள். வந்த முதல் நாளே வாளி எங்கே என்று கேட்டார்களாம். தேசி இப்போதும் காய்க்கிறது. விடுதிப் பிள்ளைகள் களவாகப் பிடுங்குகிறார்கள் என்று கேள்வி. பிடுங்கட்டும்.

8. படித்தது

இந்தப் புத்தகத்தை வாசிக்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். தீவிலிருந்து வருகிற பிள்ளை பிழை விட்டால் சோறும் இங்கிலிஷும் கொடுங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன், பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று பாருங்கோ. கெட்டித்தனம் இல்லாததால் வந்த பிழையா, நல்ல வளர்ப்பால் வந்த பிழையா என்று கையில் தெரியும்.

வரப் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. உங்கள் தாய் பழக்கினது பிழை இல்லை. கிணற்றடியில் அதுதான் சரி. லாப் மேசையில் ஊற்ற வேண்டும், துணிந்து ஊற்றுங்கோ. மனம் வராவிட்டால் பின்னுக்குத் தேசி நிற்கிறது, முதலில் அதற்கு ஒரு வாளி ஊற்றிவிட்டு வாருங்கோ. விளங்காததை மேசைக்குக் கீழே மட்டும் மூடி வைக்காதேயுங்கோ.

மூன்று கிழமையில் இவ்வளவு எழுதிவிட்டேன். ஜெனிற்றா இரண்டு பக்கம்தான் கேட்டாள்.

மதுரா, இஞ்சை வா. போனை வைச்சுப்போட்டு வா. முதலிலையிருந்து சத்தமா வாசி, நான் கேக்கிறன். நீண்டுபோன இடமிருந்தால் நீயே வெட்டு. எனக்கு ஊத்த இன்னும் மனம் வருகுதில்லை.